படகு ஒருவருடையது, கொடி யாருடையது?

2024 ஆகஸ்ட் 19. சிசிலித் தீவின் போர்ட்டிசெல்லோ துறைமுகத்துக்கு வெளியே 'பேயேசியன்' என்ற 56 மீட்டர் பாய்மரக் கப்பல் நங்கூரமிட்டு நின்றது. விடிவதற்கு முன் அடித்த சூறைக்காற்றில் அது சாய்ந்து, சில நிமிடங்களில் மூழ்கிப்போனது. கப்பலில் இருந்த 22 பேரில் 7 பேர் இறந்தார்கள். பிரிட்டனின் மென்பொருள் தொழிலதிபர் மைக் லிஞ்சும் அவருடைய 18 வயது மகளும் அந்த ஏழு பேரில் அடக்கம்.

கப்பலைக் கட்டியது இத்தாலி நிறுவனம். மூழ்கியதும் இத்தாலியின் கரையோரக் கடலில்தான். உயிரிழப்புக்கு யார் பொறுப்பு என்ற குற்ற விசாரணையை இத்தாலிய அரசு வழக்கறிஞர்கள் தொடங்கினார்கள். ஆனால் கப்பல் ஏன் கவிழ்ந்தது என்ற தொழில்நுட்ப விசாரணைக்குப் பிரிட்டனின் கடல் விபத்துப் புலனாய்வுக் கிளை வந்து சேர்ந்தது. 2025 மே மாதம் இடைக்கால அறிக்கையையும் அது வெளியிட்டது. பாயை இறக்கிவிட்டு இன்ஜினில் ஓடும் நிலையில் இருக்கும்போது, பக்கவாட்டில் மணிக்கு சுமார் 63 கடல் மைல் வேகத்துக்கு மேல் காற்று அடித்தால் அந்தக் கப்பல் கவிழ்ந்துவிடக்கூடும் என்பது அந்த அறிக்கை சொன்ன முக்கியமான செய்தி. இத்தாலியக் கடலில் பிரிட்டன் அதிகாரிகளுக்கு என்ன வேலை? பேயேசியன் பிரிட்டனின் கொடியில் பதிவான கப்பல். அதுதான் காரணம்.

ஒரு படகு எந்த நாட்டுப் பதிவேட்டில் இருக்கிறதோ, அந்த நாட்டின் சட்டம் அந்தப் படகில் ஏறிக்கொள்கிறது. உரிமையாளர் எந்த ஊர்க்காரர், படகு எங்கே கட்டப்பட்டது, இப்போது எந்தக் கடலில் நிற்கிறது என்பதெல்லாம் அதற்கு அடுத்தபடியாகத்தான். இதைத் தெரிந்துகொண்ட படகு உரிமையாளர்கள் உலகெங்கும் தங்களுக்கு வசதியான கொடியைத் தேடிப்போகிறார்கள். கோடீஸ்வரர்கள் மட்டுமல்ல, பத்து மீட்டர் பாய்மரப் படகை வாரக்கடைசியில் ஓட்டும் பிரெஞ்சு ஆசிரியரும் தேடுகிறார். வரியும் பதிவுக் கட்டணமும் அந்தத் தேடலில் முதலில் கண்ணில் படும். ஆபத்து வந்தால் கூடவே நிற்கும் நாடு எது என்ற கேள்வி பெரும்பாலும் கடைசியாகத்தான் வருகிறது. முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.

ஹேக் நகரில் தீர்ந்த வழக்கு

1982-ம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையில் 91-வது பிரிவு, யாருக்குத் தன் கொடியைத் தருவது என்பதை ஒவ்வொரு நாடும் தானே முடிவு செய்யலாம் என்கிறது. கப்பலுக்கும் கொடி நாட்டுக்கும் 'உண்மையான தொடர்பு' இருக்க வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. ஆனால் உண்மையான தொடர்பு என்றால் என்ன என்று அது விளக்கவே இல்லை. உலகின் வசதிக் கொடி வியாபாரம் முழுக்க அந்த இடைவெளியில்தான் நடக்கிறது. அடுத்த பிரிவு கண்டிப்பானது. ஒரு கப்பலுக்கு ஒரு கொடிதான். இரண்டு கொடிகளைச் சமயத்துக்கு ஏற்ப மாற்றிப் பறக்கவிட்டால், நாடில்லாத கப்பலாகவே அது கருதப்படலாம். நாடில்லாத கப்பலை நடுக்கடலில் எந்த நாட்டின் போர்க்கப்பலும் நிறுத்திச் சோதிக்கலாம்.

இந்தச் சட்டத்தின் வேர் நமக்குப் பக்கத்துக் கடலில் இருக்கிறது. 19-ம் நூற்றாண்டில் ஓமனின் சூர் துறைமுகத்துப் பாய்மர மரக்கல முதலாளிகள் பலர் பிரெஞ்சுக் கொடியைப் பெற்றுக்கொண்டார்கள். அடிமை வணிகத்தைத் தடுப்பதற்காக இந்தியப் பெருங்கடலில் ரோந்து சுற்றிய பிரிட்டிஷ் கடற்படையால், பிரெஞ்சுக் கொடி பறக்கும் கலங்களைச் சோதிக்க முடியவில்லை. மஸ்கட் சுல்தானின் குடிமக்களுக்கு பிரான்ஸ் கொடி தரலாமா என்ற வழக்கு ஹேக் நகரின் நடுவர் நீதிமன்றத்துக்குப் போனது. 1905 ஆகஸ்ட் 8 அன்று தீர்ப்பு வந்தது. யாருக்குத் தன் கொடியைத் தருவது என்பதும், அதற்கான விதிகளை வகுப்பதும் பொதுவாக அந்தந்த நாட்டின் உரிமை என்று அது ஒப்புக்கொண்டது. அதே சமயம், பிரான்ஸ் தானே கையெழுத்திட்ட ஒப்பந்தத்தால் 1892-க்குப் பிறகு அந்த உரிமைக்கு எல்லை வந்துவிட்டது என்றும் சொன்னது.

நம் கரையிலும் இது நடந்திருக்கிறது. 18-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரிட்டனும் பிரான்ஸும் கடலில் மோதிக்கொண்டிருந்தபோது டென்மார்க் நடுநிலை வகித்தது. நடுநிலை நாட்டின் கொடியென்றால் எதிரியிடம் சிக்கும் பயம் குறைவு. அந்த ஆண்டுகளில் தரங்கம்பாடியின் டேனிஷ் வணிகம் கொழித்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆங்கிலேய ஊழியர்களே இந்தியாவில் சேர்த்த பணத்தை டேனிஷ் கொடியின் நிழலில் ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள்.

20-ம் நூற்றாண்டில் இதற்குப் பெரிய வாசல் திறந்தது பனாமா. அமெரிக்காவில் மதுவிலக்கு இருந்த காலத்தில், 1922-ல் 'ரிலையன்ஸ்', 'ரெசல்யூட்' என்ற இரண்டு பயணிகள் கப்பல்கள் பனாமா கொடிக்கு மாறின. பயணிகளுக்கு மது பரிமாற வேண்டும் என்பதுதான் அதற்கான காரணம். கடலே இல்லாத நாடும் கொடி தரலாம் என்பது 1921-ல் பார்சிலோனாவில் ஏற்கப்பட்டது. அதனால்தான் மத்தியதரைக் கடலில் சுவிட்சர்லாந்துக் கொடியோடு மிதக்கும் படகின் பின்புறத்தில் 'பேசல்' என்று ஊர்ப்பெயர் எழுதியிருக்கிறது. பேசல் நகரிலிருந்து பார்த்தால் தெரிவது ரைன் நதி மட்டுமே.

பிரெஞ்சுப் படகு, பெல்ஜியக் கொடி

சின்னப் படகுக்காரர்கள் ஏன் அயல்கொடியை நாடுகிறார்கள் என்பதற்கு பிரான்ஸைவிடத் தெளிவான உதாரணம் இல்லை. அங்கே 7 மீட்டருக்கு மேற்பட்ட படகுகளுக்கும் சக்தி வாய்ந்த இன்ஜின் உள்ளவற்றுக்கும் ஆண்டு வரி உண்டு. கரையிலிருந்து எவ்வளவு தூரம் போகலாம், அதற்கு என்னென்ன பாதுகாப்புச் சாதனங்கள் வேண்டும் என்ற பட்டியலும் நீளம். எல்லைக்கு அப்பால் பெல்ஜியத்தில் விதிகள் இலகுவாக இருந்தன. 'கொடிக் கடிதம்' என்று ஒரு தாள். ஐரோப்பிய ஒன்றியத்தைச் சேர்ந்தவர்கள் அதை எளிதாகப் பெற முடிந்தது. பிரெஞ்சுக்காரர்கள், இத்தாலியர்கள், ஸ்பானியர்கள் என்று ஆயிரக்கணக்கானோர் கறுப்பு மஞ்சள் சிவப்புக் கொடிக்கு மாறினார்கள். பெல்ஜியத்தின் மண்ணை ஒருமுறைகூட மிதிக்காதவர்களும் அவர்களில் இருந்தார்கள்.

2019-ல் பெல்ஜியம் விதியை மாற்றியது. பெல்ஜியக் குடிமக்கள் அல்லது பெல்ஜியத்தில் வசிப்பவர்களுக்குப் பாதிக்கு மேல் உரிமை இருந்தால்தான் இனிக் கொடி கிடைக்கும் என்றது. அதன் பிறகு பலரின் பார்வை போலந்தின் பக்கம் திரும்பியது. 2020-ல் போலந்து தன் படகுப் பதிவை ஒரே மின்னணுப் பதிவேடாக மாற்றியிருந்தது. கட்டணம் குறைவு, பதிவுக்குக் காலக்கெடு இல்லை. இன்று ஸ்பெயின், இத்தாலி, குரோஷியா படகுத்துறைகளில் வெள்ளை சிவப்புக் கொடிகளைச் சாதாரணமாகப் பார்க்கலாம். பின்புறத்தில் போலந்து ஊர்ப்பெயர் இருக்கும். படகுக்குள் பேசுவது இத்தாலிய மொழியாக இருக்கும்.

இந்த உரிமையாளர்கள் எல்லோரையும் வரி ஏய்ப்பவர்கள் என்று சொல்லிவிடுவது நியாயமல்ல. ஸ்பெயினில் பதிவான படகு குறித்த கால இடைவெளியில் தொழில்நுட்பச் சோதனைக்குப் போக வேண்டும், அங்கீகரிக்கப்பட்ட சாதனங்களையே வாங்க வேண்டும், ஓட்டுபவரிடம் அந்நாட்டு உரிமம் இருக்க வேண்டும். பிரிட்டனிலோ சொந்த உபயோகத்துக்கான 24 மீட்டருக்குக் குறைந்த படகை ஓட்ட உரிமமே தேவையில்லை. ஒரே கடலில் அருகருகே போகும் இரண்டு படகுகளுக்கு இவ்வளவு வேறுபாடு இருந்தால், சுமை குறைந்த பக்கம் மனிதர்கள் போகத்தான் செய்வார்கள். அலுவலக அறையில் உட்கார்ந்து விதி எழுதுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆனால் வரி விஷயத்தில் பலர் ஏமாந்திருக்கிறார்கள். கொடி மாறினால் வரி போய்விடும் என்று தரகர்கள் சொல்வதை நம்பியவர்கள் அவர்கள். ஸ்பெயினில் 8 மீட்டருக்கு மேற்பட்ட படகுக்கு 12 சதவீதப் பதிவு வரி உண்டு. ஸ்பெயினில் குடியிருப்பவர் படகை அங்கே பயன்படுத்தினால், எந்தக் கொடி பறந்தாலும் அந்த வரிக்கு உட்பட்டவர்தான். இத்தாலியில் 2011 டிசம்பரில் மாரியோ மோன்ட்டி அரசு பத்து மீட்டருக்கு மேற்பட்ட படகுகளுக்கு வரி அறிவித்ததும், படகுகள் கோர்சிகாவுக்கும் ஸ்லோவேனியாவுக்கும் குரோஷியாவுக்கும் ஓடின. துறைமுகங்கள் வெறிச்சோடின. அரசு விதியை மாற்றி, இத்தாலியில் வசிக்கும் உரிமையாளர் மீது வரியை வைத்தது. 2016-ல் அந்த வரியே போய்விட்டது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 18 மாதச் சலுகையும் இப்படித்தான் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. வெளிநாட்டுக் கொடியுள்ள படகு மதிப்புக் கூட்டு வரி கட்டாமல் 18 மாதம் வரை ஒன்றியக் கடலில் இருக்கலாம் என்பது உண்மை. அதற்குப் படகின் பதிவு மட்டும் வெளியே இருந்தால் போதாது. உரிமையாளரும் ஓட்டுபவரும் ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர்களாக இருக்க வேண்டும். பார்சிலோனாவில் வீடு வைத்திருப்பவர் கேமன் தீவுகளில் படகைப் பதிந்துவிட்டு இந்தச் சலுகையைக் கேட்க முடியாது. சுங்க அதிகாரி முதலில் பார்ப்பது அவருடைய முகவரியைத்தான்.

பதிவு எப்படி நடக்கிறது?

படகை விற்ற பத்திரம், கட்டியவர் தந்த சான்றிதழ், பழைய நாட்டுப் பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கியதற்கான சான்று. இந்த மூன்றும்தான் அடிப்படை. மூன்றாவது இல்லாமல் புதுக்கொடி கேட்டால் படகு இரண்டு நாடுகளில் பதிவானதாகிவிடும். பெரிய படகுகளுக்கு அளவையாளர் வந்து டன்னேஜ் கணக்கிடுவார்.

பிரிட்டனில் இரண்டு வழிகள் உண்டு. முதல் பகுதிப் பதிவேடு உரிமையைச் சட்டப்படி நிரூபிக்கும். பழைய மரபுப்படி கப்பலை 64 பங்குகளாகக் கணக்கிடும், அடமானமும் வைக்கலாம். சிறு கப்பல் பதிவேடு 24 மீட்டருக்குக் குறைந்த படகுகளுக்கானது. ஐந்தாண்டு செல்லும், செலவு மிகக் குறைவு. ஆனால் அது உரிமைக்கு ஆதாரம் ஆகாது. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் பழைய படகு வாங்குபவர், முன்னவர் வைத்த கடனோடு சேர்த்தே படகை வாங்கிவிடும் அபாயம் இருக்கிறது.

கொடி மாறியதும் மாற்ற வேண்டிய இன்னொன்று ரேடியோ எண். ஒவ்வொரு படகின் ஒன்பது இலக்க அடையாள எண்ணில் முதல் மூன்று இலக்கங்கள் நாட்டைச் சொல்லும். இந்தியாவுக்கு 419, பிரிட்டனுக்கு 235, பெல்ஜியத்துக்கு 205, போலந்துக்கு 261, கேமன் தீவுகளுக்கு 319. ஆபத்தில் செயற்கைக்கோளுக்குக் குரல் கொடுக்கும் 'ஈபர்ப்' கருவியிலும் நாட்டின் குறியீடு பதிந்திருக்கும். நம் மீனவர்களுக்கு இஸ்ரோ உருவாக்கித் தந்த அபாய அறிவிப்புக் கருவியின் பெரிய உறவு அது. கொடியை மாற்றிய உரிமையாளர் இந்தக் கருவியின் குறியீட்டை மாற்ற மறந்தால், படகு மூழ்கும்போது எழும் அபாய அழைப்பில் பழைய நாட்டின் அடையாளம் இருக்கும். அங்குள்ள மீட்பு மையம் தன் பதிவேட்டில் தேடும். அங்கே அந்தப் படகு இருக்காது. அந்தத் தேடலில் கழியும் ஒவ்வொரு நிமிடமும் தண்ணீரில் தத்தளிப்பவருடையது.

ஒரே நாடு, இரண்டு கப்பல்கள்

கொடியின் மதிப்பு என்ன என்பதை நெதர்லாந்தின் கொடி பறந்த இரண்டு கப்பல்கள் காட்டுகின்றன.

2013 செப்டம்பரில் கிரீன்பீஸ் அமைப்பின் 'ஆர்க்டிக் சன்ரைஸ்' கப்பலை ரஷ்யப் படைகள் ஆர்க்டிக் கடலில் கைப்பற்றின. எண்ணெய் மேடைக்கு எதிரான போராட்டத்துக்காகப் போன அந்தக் கப்பலில் இருந்த 30 பேரும் ரஷ்யச் சிறையில் அடைக்கப்பட்டார்கள். அந்த 30 பேர் பல நாட்டினர். ஆனால் கப்பல் நெதர்லாந்தில் முறையாகப் பதிவானது. அதனால் நெதர்லாந்து அரசே சர்வதேசக் கடல் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போனது. நவம்பர் 22 அன்று, பிணைத்தொகை பெற்றுக்கொண்டு கப்பலையும் ஆட்களையும் விடுவிக்க வேண்டும் என்று தீர்ப்பாயம் உத்தரவிட்டது. நெதர்லாந்து அதோடு விடவில்லை. நடுவர் மன்றத்தில் இழப்பீடும் கேட்டு வென்றது. கடைசியில் 2019-ல் ரஷ்யா 27 லட்சம் யூரோ தர ஒப்புக்கொண்டது.

2018 ஜூனில் 'லைஃப்லைன்' என்ற மீட்புக் கப்பல் லிபியக் கரையோரம் 234 அகதிகளைக் காப்பாற்றி, எந்தத் துறைமுகமும் ஏற்காமல் நாள்கணக்கில் கடலில் அலைந்தது. அதிலும் நெதர்லாந்துக் கொடிதான் பறந்தது. ஜெர்மானியத் தன்னார்வலர்களின் கப்பல் அது. கையில் நெதர்லாந்தின் நீர் விளையாட்டுச் சங்கம் தந்த சான்றிதழ் இருந்தது. 'இந்தக் கப்பல் எங்கள் பதிவேட்டில் இல்லை, எங்கள் கொடியைப் பறக்கவிட உரிமையில்லை' என்று நெதர்லாந்து அரசு கைவிரித்தது. மால்டாவில் கரைசேர்ந்ததும் கேப்டன் மீது வழக்கு. 2019 மே மாதம், பதிவு சரியில்லை என்று 10,000 யூரோ அபராதம். 2020 ஜனவரியில் மேல்முறையீட்டில் அந்தத் தண்டனை ரத்தானது.

சங்கத்தின் சான்றிதழுக்கும் அரசின் பதிவேட்டுக்கும் உள்ள தூரம் அவ்வளவு. நல்ல வேலை செய்தவர்களே அந்தத் தூரத்தில் சிக்கிக்கொண்டார்கள் என்பது வேதனை.

முறையாகத் தந்த கொடியைப் பறிக்கவும் நாடுகளால் முடியும். அதே 2018-ல் 'அக்வேரியஸ்' மீட்புக் கப்பலின் பதிவை முதலில் ஜிப்ரால்டர் விலக்கிக்கொண்டது. பிறகு கொடி தந்த பனாமாவும் செப்டம்பரில் பின்வாங்கியது. வேறு கொடி கிடைக்காத அந்தக் கப்பலின் பணி டிசம்பரில் முடிவுக்கு வந்தது.

செல்வந்தர்களின் ரகசியத்தையும் கொடி கடைசிவரை காப்பாற்றுவதில்லை. ரஷ்யா மீதான பொருளாதாரத் தடையின்படி 2022 மார்ச்சில் லண்டனில் 'ஃபை' என்ற 58 மீட்டர் உல்லாசக் கப்பலை பிரிட்டன் முடக்கியது. செயின்ட் கிட்ஸ் தீவிலுள்ள நிறுவனத்தின் பெயரில் இருந்த அந்தக் கப்பலில் மால்டாவின் கொடிகள் இருந்தன. கேமன் கொடியில் பசிபிக்கைக் கடந்து போன 106 மீட்டர் 'அமேடியா', ஃபிஜியில் சிக்கி, அதே ஆண்டு ஜூனில் அமெரிக்காவுக்குக் கொண்டுபோகப்பட்டது.

சம்பளம் வராத 'இந்தியப் பேரரசி'

இந்தியர்களுக்கு நன்றாகத் தெரிந்த கதை விஜய் மல்லையாவின் 'இந்தியன் எம்ப்ரஸ்'. 95 மீட்டர் நீளம். கொடி ஐல் ஆஃப் மேன் தீவுடையது. மல்லையா லண்டனில் வழக்குகளைச் சந்தித்துக்கொண்டிருந்தபோது, 2017 செப்டம்பரிலிருந்து அந்தக் கப்பலின் சிப்பந்திகளுக்குச் சம்பளம் நின்றுபோனது. இந்தியர்கள், பிரிட்டிஷ்காரர்கள், கிழக்கு ஐரோப்பியர்கள் என்று நாற்பதுக்கும் மேற்பட்டோர். பாக்கி 10 லட்சம் டாலரைத் தாண்டியது. 2018 மார்ச்சில் நாட்டிலஸ் இன்டர்நேஷனல் தொழிற்சங்கத்தின் முயற்சியால் மால்டாவில் கப்பல் ஜப்தி செய்யப்பட்டது.

இங்கேதான் கொடி வேலை செய்தது. கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையின் 2017-ல் அமலுக்கு வந்த திருத்தப்படி, கைவிடப்பட்ட மாலுமிகளுக்கு நான்கு மாதம் வரையிலான சம்பளத்தைத் தரும் காப்பீடு கப்பலில் இருக்க வேண்டும். இந்தியன் எம்ப்ரஸுக்கு அது இருந்தது. அதன் மூலம் 6 லட்சம் டாலருக்கும் மேல் சிப்பந்திகளுக்குக் கிடைத்தது. மீதிக்காக அவர்கள் ஏலம் வரை காத்திருந்தார்கள். செப்டம்பரில் கப்பல் 3.5 கோடி யூரோவுக்கு விற்கப்பட்டது.

எல்லா உல்லாசப் படகுச் சிப்பந்திகளுக்கும் இந்தப் பாதுகாப்பு இல்லை. அந்த உடன்படிக்கை வணிகத்தில் ஈடுபடும் கப்பல்களுக்கானது. வாடகைக்கு விடாமல், முதலாளியின் சொந்த உல்லாசத்துக்கு மட்டும் என்று பதிவான படகு பொதுவாக அதன் வரம்புக்குள் வராது. அங்கே வேலை செய்பவருக்குக் கொடி நாட்டின் உள்நாட்டுச் சட்டம் எவ்வளவு தருகிறதோ அவ்வளவுதான். உரிமையாளர் சில ஆயிரங்களை மிச்சப்படுத்தத் தேர்ந்தெடுத்த கொடியின் விலையை, இன்ஜின் அறையிலும் சமையலறையிலும் நிற்பவர்கள் கட்டுகிறார்கள். கொடி நாடுகள் முதலில் சரிசெய்ய வேண்டிய ஓட்டை இது. சொந்த உபயோகப் படகானாலும் சம்பளத்துக்கு ஆள் வைத்தால் காப்பீடு கட்டாயம் என்று விதிக்க எந்தப் பதிவேட்டுக்கும் தடையில்லை.

தூத்துக்குடியிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும் கப்பல் வேலைக்குப் போகும் இளைஞர்கள், உல்லாசப் படகு வேலை வந்தால் சம்பளத்தை மட்டும் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டாம். ஆள் எடுக்கும் முகவரிடம் இந்தியக் கப்பல் துறைத் தலைமை இயக்குநரகத்தின் ஆர்.பி.எஸ்.எல். உரிமம் இருக்கிறதா என்று பாருங்கள். படகின் பதிவுச் சான்றிதழின் நகலைக் கேட்டு வாங்குங்கள். அதில் எந்த நாட்டின் கொடி, வணிகப் பதிவா சொந்த உபயோகப் பதிவா என்று படியுங்கள். அந்தக் கொடி, துறைமுகங்களில் கப்பல்களைச் சோதிக்கும் நாடுகளின் 'பாரிஸ் எம்.ஓ.யு.' அமைப்பு ஆண்டுதோறும் வெளியிடும் வெள்ளைப் பட்டியலில் இருக்கிறதா, கறுப்புப் பட்டியலில் இருக்கிறதா என்பதை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். கைவிடப்பட்டால் சம்பளத்துக்கான காப்பீட்டுச் சான்று கப்பலில் இருக்கிறதா என்று கேளுங்கள். பதில் எழுத்தில் வராவிட்டால் அந்தப் படகில் ஏறாதீர்கள்.